இரும்புத்தும்பிக்கு ஆள் எடுத்த கதை

அறுபத்து மூன்றாவது ஆளையும் பொன்னரசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நோட்டில் 'தாடை போதாது' என்று எழுதினார். அதற்கு முன்னால் வந்தவனுக்குத் தோள் போதவில்லை. அதற்கும் முன்னால் வந்தவனுக்கு எல்லாம் இருந்தது, நிற்கத்தான் தெரியவில்லை.

நிற்பதைப் பற்றிப் பொன்னரசுவிடம் வாய் கொடுத்து மீள முடியாது. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் 'இரும்புத்தும்பி' படத்தில் இறக்கை கட்டிப் பறந்தவர் அவர்தான். காலை அகட்டி, கையை இடுப்பில் ஊன்றி, முகவாயைத் தூக்கி அவர் நின்ற மாதிரி நிற்காத பிள்ளை அந்தக் காலத்தில் இல்லை. அதன் பிறகு அவர் நடித்த பதினொரு படங்களை யாரும் பார்க்கவில்லை, அது வேறு விஷயம்.

இப்போது அதே படத்தைப் புதிதாக எடுக்கிறார்கள். பழைய படத்தில் மின்மினி என்றொரு பெண், தும்பி வந்து காப்பாற்றும்வரை அலறிக்கொண்டே இருப்பாள். புதுப் படத்தில் மின்மினியும் பறக்குமாம். இரண்டு வேஷத்துக்கும் ஆள் தேடும் பொறுப்பு ஜெசிந்தாவுடையது. "அவங்ககிட்ட கத்துக்கிட்டு நீங்களும் கூட இருங்க சார்" என்று தயாரிப்பாளர் பொன்னரசுவை அனுப்பிவைத்தார். ஆக, சிஷ்யருக்கு வயது ஐம்பத்தொன்பது, குருவுக்கு முப்பத்தெட்டு.

அன்று வியாழக்கிழமை. வெள்ளிக்குள் ஆள் கிடைக்காவிட்டால் வடக்கிலிருந்து யாராவது பெரிய நட்சத்திரத்தைக் கொண்டுவந்து, குரலை மட்டும் தமிழில் ஒட்டிவிடுவார்கள். தும்பி அப்படி எவன் கைக்கோ போவதைப் பொன்னரசுவால் பொறுக்க முடியாது. உண்மையைச் சொன்னால், பொருத்தமான ஆள் வந்துவிட்டாலும் அவருக்குப் பொறுக்காதுதான்.

"மேடம், நானும் பத்து நாளா பாக்குறேன். தும்பியை எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறது?"

ஜெசிந்தா கையை நீட்டினாள். "நோட்டைக் குடுங்கண்ணே."

கொடுத்தார்.

"நீங்க வேணாம்னு அடிச்சவங்கள்ல பதினாறு பேரைத் திரும்ப வரச் சொல்லியிருக்கேன். ஆம்பள, பொம்பள எல்லாருக்கும் ஒரே சீன். ஃபாக்டரி எரியுது, உள்ள வாட்ச்மேன் புகையில மூச்சுத் திணறிக் கிடக்காரு. தூக்கிட்டு வரணும்."

"வாட்ச்மேன் யாரு?"

"அங்க போய்ப் படுங்கண்ணே."

பொன்னரசு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இரும்புத்தும்பி, சாலிகிராமத்து ஒத்திகை ஹாலில், சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்தது.

முதலில் வந்தவன் ஜிம்மில் பாரம் தூக்குவதுபோல் அவரை நெஞ்சுக்கு உயர்த்தி, தன் புஜம் கேமராவுக்குத் தெரிகிற பக்கமாகத் திரும்பினான். அடுத்தவன் வெங்காய மூட்டையாகத் தோளில் போட்டான். பொன்னரசுவின் தலை கீழே தொங்க, தரையும் அவனுடைய செருப்பும்தான் கண்ணில் பட்டன. மூன்றாவதாக வந்த பெண் அவரை இழுத்துக்கொண்டு போனாள். ஒருத்தி பாதியில் கைமாற்றிப் பிடித்ததில் அவர் இடுப்பு சுளுக்கியது.

இறக்கிவிட்டதும் எல்லாரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள். அவரை அப்படியே தரையில் போட்டுவிட்டு, காலை அகட்டி, இடுப்பில் கைவைத்து, முகவாயைத் தூக்கி நின்றார்கள். கீழே கிடந்தபடி பொன்னரசு அதைப் பார்த்தார். அச்சு அசலாக அவரேதான். முதல் இரண்டு முறை பெருமையாக இருந்தது. ஏழாவது முறை, தண்ணீர் வேண்டுமா என்று இவனாவது கேட்க மாட்டானா என்று இருந்தது.

ஒன்பதாவதாக ரியாஸ் என்று ஓர் ஒல்லிப் பையன். குனிந்து பார்த்தான், மூச்சை இழுத்துப் பார்த்தான், முடியவில்லை.

"அங்கிள், என்னால தூக்க முடியாது. ஆனா விட்டுட்டுப் போக மாட்டேன். நடக்கலாமா?"

அவரை எழுப்பி, கையைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு நடத்தினான். "இன்னும் பத்தடிதான். அஞ்சுதான். வந்துட்டோம்." காதோரம் அவன் பேசிக்கொண்டே வந்ததில், ஹாலில் நெருப்பு எதுவும் இல்லை என்பது பொன்னரசுக்கு மறந்துபோனது.

பதினான்காவது ஆள் செண்பகவல்லி. கோவில்பட்டிப் பக்கத்தில் தபால்காரி, லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். உயரம் ஐந்தடி இரண்டங்குலம். முதல் முறை வந்தபோது அந்த உயரத்துக்காகத்தான் பொன்னரசு அவள் பெயரை அடித்திருந்தார்.

"ஐயா, தூக்கப் போறேன். பயப்படாதீங்க, கைய என் தோள்ல போட்டுக்கிடுங்க."

தூக்கினாள். கேமரா எங்கே இருக்கிறது என்று அவள் பார்க்கவே இல்லை. அடுத்த காலை எங்கே வைப்பது என்றுதான் பார்த்தாள். பிடி கடைசிவரை தளரவில்லை. வாசல் என்று சுண்ணாம்பில் கிழித்திருந்த கோட்டைத் தாண்டியதும் முதலில் அவர் பாதத்தைத் தரையில் ஊன்ற வைத்தாள். பிறகும் முழங்கையைப் பிடித்தபடியே நின்றாள்.

"நிப்பீங்களா ஐயா? விட்டுரட்டுமா?"

"கொஞ்சம் இரும்மா" என்றார் பொன்னரசு. அவள் இருந்தாள்.

கேமராக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "முகமே கேமராவுல விழலை மேடம். முழுக்க முதுகுதான்."

எல்லாரும் போனபின் ஜெசிந்தா நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். "எழுதுங்கண்ணே."

அவர் ரியாஸ் என்று எழுதினார். செண்பகவல்லி என்று எழுதினார். தாடை, தோள் எதையும் எழுதவில்லை.

"இதுல தும்பி யாரு, மின்மினி யாரு?"

"நீங்க சொல்லுங்கம்மா."

"அது உங்க வேஷம். நீங்கதான் சொல்லணும்."

பொன்னரசு கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். முப்பத்திரண்டு வருஷம் யாருக்கும் தராமல் வைத்திருந்ததைக் கொடுப்பதென்றால் சும்மாவா.

"தும்பி அந்தத் தபால்காரப் புள்ளதான்" என்றார். "மின்மினி இந்தப் பையன். ஆம்பள மின்மினி இருந்தா என்ன, அதுவும் பறக்கத்தானே செய்யுது."

சொல்லி முடித்ததும் எதையோ இழந்த மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்தார். அப்படி ஒன்றும் இல்லை. சொந்த மகள் மாநிலத்திலேயே முதல் மார்க் வாங்கிவிட்டதுபோல் நெஞ்சு நிமிர்ந்தது. யாரையாவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

பிறகுதான் நாளைய நினைப்பு வந்தது.

"புரொடியூசர் விட மாட்டாரும்மா. ஒருத்தி குட்டை, ஒருத்தன் நோஞ்சான். எதை வெச்சு எடுத்தீங்கன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

ஜெசிந்தா ஹால் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே சொன்னாள்:

"இத்தனை வருஷமா எல்லாரும் தூக்கினவரைத்தான் பேட்டி எடுத்தாங்க. நாங்க கீழ கிடந்தவர்கிட்ட கேட்டோம்னு சொல்லுங்கண்ணே."