ஏழாம் மிதவை

முப்பது வருஷம் குடிநீர்க் குழாய்களோடு மல்லுக்கட்டிய ஏகாம்பரம், ஓய்வுபெற நான்கு வருஷம் இருக்கையில் ஏரியைப் படிக்க வந்தார். அவருக்குக் குருவாக வாய்த்த ஜெசிந்தா, அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். அதில் ஏகாம்பரத்துக்குக் கூச்சமில்லை.

கொற்றவாடி ஏரி கரைக்குக் கரை ஒன்பது கிலோமீட்டர். போன ஆடியில் அதன் மேற்கு மூலையில் விஷப்பாசி பூத்தது யாருக்கும் தெரியாமல் போய், நாற்பது பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதற்குப் பிறகுதான் பன்னிரண்டு மிதவைகள் வந்தன. அவற்றின் அடியில் தொங்கும் சென்சார்கள் பாசியின் அளவைக் கரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். பத்துக்குள் இருந்தால் பயமில்லை. ஏகாம்பரம் அறிக்கையில் கையெழுத்துப் போட்டால்தான் மூன்று ஊருக்குத் தண்ணீர் போகும்.

அன்று காலை மேற்கு மூலையின் ஏழாம் மிதவையிலிருந்து தகவலே வரவில்லை. ஆனாலும் திரையில் அதற்கு நேரே ஏழு புள்ளி ஒன்று என்று இருந்தது.

"மத்த மிதவையையும் செயற்கைக்கோள் படத்தையும் வச்சு கம்ப்யூட்டரே கணிச்சுப் போட்டிருக்கு மேடம். நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு சரியா இருக்குமாம். கையெழுத்துப் போட்டுடலாமா?"

ஜெசிந்தா கையில் பிடித்து அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு படகுக்கு நடந்தார்.

பாதி வழியில் ஆகாயத்தாமரை மறித்தது. ஏகாம்பரம் கழி போட்டுத் தள்ளினார். சட்டை தொப்பலாக நனைந்தது. நடுவில் பம்பு நிலையத்திலிருந்து போன்.

"எப்ப சார் திறக்கிறது?"

"கொஞ்சம் பொறுப்பா."

சொல்லும்போதே அவருக்கு எரிச்சலாக இருந்தது.

ஏழாம் மிதவையின் சோலார் தகட்டில் நீர்க்காகங்கள் எச்சமிட்டு வெள்ளையடித்திருந்தன. வெயில் படாமல் பேட்டரி இறங்கிப்போயிருந்தது. ஜெசிந்தா மீட்டரை அவரிடம் நீட்டினார். ஏகாம்பரம் குனிந்து, முழங்கை முங்க அதை நீருக்குள் இறக்கினார். எண் ஓடி நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏழு புள்ளி மூணு."

"இன்னொரு தரம் பாருங்க."

"அதேதான் மேடம்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பம்பைத் திறக்கச் சொல்லிவிட்டு, போனிலேயே கையெழுத்தையும் போட்டார். பிறகு கேட்டார்.

"ரெண்டு மணி நேரம் போச்சு. கம்ப்யூட்டர் சொன்னது சரியாத்தானே இருந்துச்சு?"

ஈரத்துணியால் தகட்டைத் துடைத்துக்கொண்டே ஜெசிந்தா சொன்னார்.

"அது காலையிலேயே சரியாத்தான் இருந்துச்சு சார். நீங்க சரியானது இப்பதான்."