கை இறங்கும் வரை

“தூக்குறதுக்கு பயமில்ல கோச். இறக்குறதுக்குத்தான் பயமா இருக்குது.”

சொன்னவள் எழிலரசி. மகளிர் காவல் நிலையத்தில் ஏட்டு. முப்பத்திமூன்று வயது. பளுதூக்கும் போட்டிகளில் காவல்துறைக்கு மெடல் வாங்கிக் கொடுப்பவள்.

கேட்டுக்கொண்டிருந்தவள் ஜெசிந்தா. எழிலரசியை விட நாலு வயது சின்னவள். முழங்கை ஒடிந்து, தூக்குவதை விட்டுவிட்டு, வேலூருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் சொல்லிக்கொடுக்க வந்தவள்.

குரு சிஷ்யையை அக்கா என்பாள். சிஷ்யை குருவை நீ, வா, போ என்பாள். ஆறு வருஷமாக அங்கே இப்படித்தான் ஓடியது. யாருக்கும் அது குறையாகப் படவில்லை.

பளுதூக்கலில் ஒரு விதி உண்டு. எடைக் கம்பியான பாரைத் தலைக்கு மேலே நிறுத்திவிட்டால் மட்டும் போதாது. எதிரே உட்கார்ந்திருக்கும் நடுவர் கையை இறக்கி “டவுன்” சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் கீழே போட்டால் தூக்கியது செல்லாது. அந்தக் கை எப்போது இறங்கும் என்று எல்லோரும் தவியாய்த் தவிப்பார்கள்.

போன மாதப் போட்டியில் நடுவர் கை இறங்கியது. எழிலரசி இறக்கவில்லை.

கைதட்டினார்கள். அவள் அப்படியே நின்றாள். கைதட்டல் ஓய்ந்தது. அப்போதும் நின்றாள். கடைசியில் பார் பின்பக்கம் சாய்ந்து, தோளையும் இழுத்துக்கொண்டு விழுந்தது.

“ஸ்டேஷன்ல கிளாஸ் வெச்சாங்க கோச். மன அழுத்தம் போறதுக்கு. நாலு எண்ணி மூச்சை இழு, நாலு எண்ணி விடுன்னாங்க.”

“விட்டீங்களா?”

“இழுத்தேன்.”

ஜெசிந்தா சிரிக்கவில்லை. எழிலரசியே தொடர்ந்தாள்.

“வெள்ளிக்கிழமை டீம் தேர்வு. அங்கேயும் இப்படி நின்னா டீம்ல இருக்க முடியாது. அது போனா போவுது. இன்னொரு தடவை விழுந்தா தோளே போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு.”

ஜெசிந்தா எழுந்துபோய், சுவரோரம் சாய்த்திருந்த வெறும் பாரை எடுத்து வந்தாள். இரு பக்கமும் தட்டு மாட்டாத பார், பதினைந்து கிலோ. எழிலரசிக்கு அது விறகுக்குச்சி மாதிரி.

“தூக்குங்க.”

தூக்கினாள்.

ஜெசிந்தா நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நடுவர் மாதிரி வலது கையை உயர்த்தினாள். ஒடிந்து, ஒட்டிய கை அதுதான்.

ஒரு நிமிஷம் போனது.

இரண்டு.

கொட்டகைக்குள் வெயில் கொதித்தது. எழிலரசியின் நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. விறகுக்குச்சி கனக்க ஆரம்பித்தது.

“எதை நினைச்சிக்கிட்டு நிக்கிறீங்க?”

“ஒண்ணுமில்ல.”

“அக்கா.”

“அம்மாவை.”

ஜெசிந்தாவின் கை அசையவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. எழிலரசி தொண்ணூற்றெட்டு கிலோ தூக்கித் தங்கம் வாங்கிய நாள். அம்மா ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். எழிலரசி பாரைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். மேடைப் படிக்கட்டில் ஜெசிந்தா நின்றிருந்தாள், கையில் எழிலரசியின் ஃபோன். “அம்மா போயிட்டாங்கக்கா.”

எத்தனை மணிக்கு என்று எழிலரசி அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அவள் இறக்கினாள், அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் பாரை இறக்க அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நேரம் கூடிக்கொண்டே போனது.

“பார் மேல இருக்குற வரைக்கும் அம்மா இருக்குறாங்க கோச்,” என்றாள். “கீழ போட்டாத்தான் போயிடுறாங்க.”

வாயால் சொன்ன பிறகுதான் அவளுக்கே வெட்கமாக இருந்தது. பத்துப் பேரை லத்தியோடு விரட்டுகிறவள் பேசுகிற பேச்சா இது?

உயர்த்திய கையை இறக்காமலே ஜெசிந்தா கேட்டாள்.

“அன்னிக்கு மேடை ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு இட்லி சாப்பிட்டீங்களே, ஞாபகம் இருக்குதா?”

இல்லாமல் இருக்குமா? எடை கூடிவிடக் கூடாதென்று முந்தின நாள் மத்தியானத்திலிருந்து பட்டினி. எடை பார்த்த பிறகுதான் வாயில் எதையும் வைக்கலாம். ஒவ்வொரு போட்டியிலும் அந்த நேரம் பார்த்து அம்மா ஃபோன் பண்ணுவாள். கேட்பது ஒரே கேள்விதான். எடை பார்த்தாச்சே, இப்பவாவது சாப்பிட்டியா?

“அம்மா பேசினாங்க, ரெண்டு இட்லி சாப்பிடச் சொன்னாங்கன்னு நீதானே சொன்னே.”

“அம்மா பேசல அக்கா.”

எழிலரசி பாரை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

“நீங்க எடை பார்க்க உள்ள போயிருந்தீங்க. அப்ப உங்க தம்பிதான் கூப்பிட்டான். ஒன்பது மணி. அப்பவே முடிஞ்சு போச்சு. இட்லி நான் வாங்கினது. அம்மா சொன்னாங்கன்னு சொன்னதும் நான்தான்.”

“அப்ப நான் தூக்கும்போது…”

“இல்லக்கா. அவங்க இல்ல.”

மேலே தகரம் வெயிலில் படபடத்தது.

“ரெண்டு வருஷம்,” என்றாள் எழிலரசி.

“அன்னிக்கு, சொன்னா நீங்க தூக்க மாட்டீங்கன்னு பயந்தேன். தம்பியையும் வாயைத் திறக்காதேன்னுட்டேன். அப்புறம், சொன்னா நீங்க இங்க வர மாட்டீங்கன்னு பயந்தேன். இனிமே வரலைன்னாலும் பரவாயில்ல.”

எழிலரசி பாரை இறக்கினாள்.

பொத்தென்று போடவில்லை. தோளுக்குக் கொண்டு வந்தாள். இடுப்புக்கு. முழங்காலுக்கு. தூங்குகிற பிள்ளையைப் பாயில் விடுகிற மாதிரி தரையில் வைத்தாள். சத்தமே வரவில்லை.

பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். சாவு வீட்டில் அழாத அழுகை, சுடுகாட்டில் அழாத அழுகை, எல்லாம் சேர்த்து அழுதாள். ஜெசிந்தா தேற்ற வரவில்லை.

வெகுநேரம் கழித்து எழிலரசி மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தாள்.

ஜெசிந்தா நாற்காலியில் அப்படியே இருந்தாள். வலது கை இன்னும் மேலேயே நின்றது. முழங்கை கிடுகிடுவென்று ஆடியது. கண்ணைத் துடைக்கக்கூட அவள் அந்தக் கையை இறக்கவில்லை.

எழிலரசி எழுந்து போனாள். ஓங்கி ஒரு அறை விடலாம் போலத்தான் இருந்தது. எதிரே போய் நின்றாள்.

பிறகு அந்தக் கையைப் பிடித்து, மெதுவாகக் கீழே கொண்டு வந்து, ஜெசிந்தாவின் மடியில் வைத்தாள்.

“டவுன்,” என்றாள்.