வெளிச்சத்தைக் குடிக்கும் லென்ஸ்

மகள் கல்யாணத்துக்கு வீட்டு முகப்பில் சீரியல் லைட் கட்ட ஏணியில் ஏறினார் ஆசீர்வாதம். லைட் எரிந்தது. அந்தச் சந்தோஷத்தில், நிற்பது ஏணி என்பதை மறந்து இரண்டு கையாலும் கைதட்டிவிட்டார். இப்போது இடுப்புக்குக் கீழே மாவுக்கட்டு.

வியாழக்கிழமை பெர்சிஸுக்குக் கல்யாணம். கோயில் தெருமுனையில்தான் இருக்கிறது. ஆனாலும் வரமாட்டேன் என்று படுத்துவிட்டார். "தூளியில கிடக்கிற பிள்ளை மாதிரி என்னைத் தூக்கிட்டுப் போவீகளோ? ஊரே சிரிக்கும். நான் போட்டோவுல பாத்துக்கிடுதேன்."

அவர் மனைவி கனகம் ஜெபித்துப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். மனுஷன் அசையவில்லை. சரி, போட்டோவாவது நன்றாக வரவேண்டுமே என்பதுதான் இப்போது அவள் கவலை. கோயிலில் ஆராதனை நேரத்தில் ப்ளாஷ் அடிக்கக் குருவானவர் விடமாட்டார். மூத்தவள் கல்யாணத்தில் அப்படித்தான் படமெல்லாம் இருண்டுபோனது. தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளை எது, பக்கத்தில் நின்ற கோயில் உபதேசியார் எது என்று இன்றுவரை வீட்டில் தகராறு.

அதனால்தான் கண்மணி ஸ்டூடியோ செல்லையாவை வரச்சொன்னாள். வந்தவன் காப்பியை வாங்கிக்கொண்டு, முறுக்குத் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, ஆரம்பித்தான்.

"அக்கா, நீங்க கவலையே படாதீங்க. நம்மகிட்ட ஒரு லென்ஸ் இருக்கு. வாய் அம்புட்டு அகலம். வாய் அகலமா இருந்தாத்தான் வெளிச்சத்தைக் குடிக்கும். ப்ளாஷே வேண்டாம்."

"வாய் அகலம்னு பாத்தாலே தெரியுதே" என்றாள் லில்லி. ஆசீர்வாதத்தின் தங்கை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்பக் கனமா இருக்குமோ தம்பி?" என்று கேட்டாள் கனகம்.

"கனக்கத்தான் செய்யும். ரெண்டும் சேந்து கிடைக்குமாக்கா? லேசா வேணும்னா படத்து ஓரமெல்லாம் கஞ்சி மாதிரிக் குழையும். தெளிவா வேணும்னா தோள்பட்டை போயிரும். நான் தெளிவு கட்சி. பாருங்க." எழுந்து நின்று காட்டினான். இடது தோள் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. "டெய்லர் எனக்கு ரெண்டு ஆளுக்கு அளவு எடுக்க மாதிரி எடுக்காரு."

கனகம் பாவமே என்று பார்த்தாள். அது போதும் செல்லையாவுக்கு.

"பைக்குல பின்னால கட்டினேன்னா முன் சக்கரம் மேல தூக்கிரும். அப்படியே ஒத்தைச் சக்கரத்துல போறேன், போலீஸ்காரர் மறிச்சிட்டாரு. 'ரோட்டுல சர்க்கஸா காட்டுத?' 'இல்லய்யா, லென்ஸ்'னேன். நம்பல. அவுத்து அவர் கையில கொடுத்தேன். பாவம், இன்னும் அங்கனதான் நிக்காரு."

"இன்னுமா?"

"கால் தார்ல இறங்கிட்டுல்லா! வீட்டம்மா வந்து சோறு ஊட்டிட்டுப் போறாவ."

லில்லி கத்தியைக் கீழே வைத்தாள். "சரிப்பா, கனத்தை விடு. படம் எப்படி இருக்கும்?"

"ஒரு கல்யாணத்துல பொண்ணை வாசல்ல நிறுத்தி எடுத்தேன். கேமராவுக்குப் பின்னால சின்ன டிவி மாதிரி இருக்கும்லா, அதுல பெருசாக்கிப் பாக்கேன். பொண்ணு கண்ணு முழியில எதிர்த்தாப்புல உள்ள சமையல்கட்டு தெரியுது. சமையல்காரர் சாம்பார்ல ரெண்டாவது தடவை உப்பை அள்ளுதாரு! கேமராவைப் போட்டுட்டு ஓடினேன். பந்தி தப்பிச்சிது."

"அது உப்புன்னு எப்படிக் கண்ட? சீனியா இருக்கக்கூடாதா?"

"அயோடின் சேத்த உப்புன்னே தெரிஞ்சிதுக்கா!"

கட்டிலில் ஆசீர்வாதம் குலுங்கினார். "ஏ, சிரிக்க வைக்காதேயும்வே. கட்டு வலிக்கி."

"சிரிப்பில்ல அண்ணாச்சி, இதைக் கேளுங்க. போன டிசம்பர்ல ஒரு கோயில். உள்ள நல்ல இருட்டு. லென்ஸை முழுசாத் திறந்துவிட்டேன். குடிச்சுது பாருங்க! மெழுகுவர்த்திச் சுடரெல்லாம் வளைஞ்சு என் பக்கம் சாயுது. உள்ள இருந்ததைக் குடிச்சு முடிச்சிட்டு ஜன்னல் வழியா வெளிய உள்ளதையும் இழுக்க ஆரம்பிச்சிட்டு. காலையில பதினோரு மணிக்கு ஊர் இருண்டு போச்சு. கோழியெல்லாம் கூட்டுல அடைஞ்சிட்டு. உபதேசியார் பதறிப்போய் சாயங்கால ஆராதனைக்கு மணி அடிச்சிட்டாரு."

"கர்த்தாவே!" என்றாள் கனகம். பொய் என்று தெரியும். ஆனாலும் வியாழக்கிழமை பகல் விருந்து இருட்டில் நடக்குமோ என்று ஒரு நொடி பயந்துவிட்டாள்.

"எல்லாத்துக்கும் மேல இந்த லென்ஸுல ஒரு அழகு உண்டு" என்று குரலைத் தாழ்த்தினான் செல்லையா. "ஆளு மட்டும் பளிச்சுன்னு நிப்பா. பின்னால உள்ளதெல்லாம் பாலாட்டம் உருகிரும். அதுக்குத்தான் சனம் உசுரை விடுது. ஒரு பொண்ணை எடுக்கேன், மாமியாக்காரி அரை அடி பின்னால நிக்கா. உருகிட்டா."

"படத்துலதான?"

"முதல்ல படத்துலதான். பொறவு மண்டபத்துலயும் காணோம். ஊரெல்லாம் தேடுதாவ. 'வேற படம் எடுத்து மாமியாரை மீட்டுத் தாரேன் தங்கச்சி'ன்னு பொண்ணுகிட்ட சொன்னேன். 'வேண்டாம்ணே, இந்தப் படமே நல்லாத்தான் இருக்கு'ன்னிட்டு."

லில்லிக்கே சிரிப்பு வந்துவிட்டது. கனகம் சிரிக்கவில்லை. அவள் மனசு தாலி கட்டும் இடத்தில் நின்றது.

"தம்பி, தாலி கட்டையில மாப்பிள்ளை பெர்சிஸுக்குப் பின்னாலதான நிப்பாரு? அவரும் உருகிருவாரா?"

செல்லையா முறுக்கை மென்றான். "அது... பாத்து எடுக்கணும்."

"இவருக்கு மகள் முகம் தெரியணும். தாலி தெரியணும். மாப்பிள்ளை கை தெரியணும்."

"அம்புட்டும் ஒரே படத்துலயாக்கா? மூக்கு நுனியைத் தெளிவா வச்சா காது உருகிருமே."

ஆசீர்வாதத்தின் சிரிப்பு நின்றது. பெற்ற மகள் கல்யாணத்தில் தனக்குக் கிடைக்கப்போவது ஒரு மூக்கு நுனி என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கனகத்துக்குத் தாங்கவில்லை. "அந்த லென்ஸை நாளைக்கு ஒரு தடவை கொண்டு வாங்க. நான் கண்ணால பாக்கணும்."

"கொண்டு வாரதா! நினைச்ச நேரம் தூக்கிட்டு வர அது என்ன டார்ச் லைட்டாக்கா? கல்யாணத்தன்னைக்கு உங்க வீட்டுப் பயலுவள்ல நாலு தடியன்மாரைக் கொடுங்க. நல்ல கை வச்ச நாற்காலி, மேல ஒரு மெத்தை. ரெண்டு பக்கமும் மூங்கில் கட்டி, அலுங்காம குலுங்காமத் தெருவழியாத் தூக்கிட்டு வரணும். நேரே முதல் வரிசைக்குப் பக்கத்துல இறக்கணும். ஒருத்தன் சிரிக்கணுமே! சனமெல்லாம் எந்திரிச்சு நின்னு வழிவிடும். அதுக்கு உள்ள மரியாதை அப்படி."

சுவரைப் பார்த்துக் கிடந்த ஆசீர்வாதம் மெதுவாகத் திரும்பினார்.

"என்னவே, யாரும் சிரிக்கமாட்டாவளா?"

"மூச்சு விடமாட்டான் அண்ணாச்சி!"

"லென்ஸ் என்ன கனம் இருக்கும்?"

செல்லையா நெஞ்சை நிமிர்த்தினான். "உங்களை மாதிரி ரெண்டு ஆளு கனம்."

"அப்ப அந்த நாற்காலியில நானே உக்காந்துக்கிடுதேன். பாதிக் கனந்தான். மூக்கும் தெரியும், காதும் தெரியும்."

கனகம் கண்ணை மூடி, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று உதட்டுக்குள் சொன்னாள். யார் வாயால் பதில் வந்தது என்று ஆண்டவரிடம் கணக்குக் கேட்கவில்லை. உடனே அடுக்களைக்குப் போய் இன்னும் நாலு முறுக்கு எடுத்துவந்து தட்டில் வைத்தாள்.

"அப்ப போட்டோக்கா?" என்றான் செல்லையா, வாடிப்போய்.

"நீங்கதான் எடுக்கணும் தம்பி. சின்ன லென்ஸ் ஒண்ணு இருந்தாக் கொண்டு வாங்க, போதும்."

செல்லையாவின் முகம் மறுபடி மலர்ந்தது. புது முறுக்கு ஒன்றைக் கையில் எடுத்தான்.

"சின்ன லென்ஸா? அது என்ன லேசுங்கீங்க! சட்டைப் பையில போட்டம்னா ஆளையே தூக்கிரும். ஆடிக் காத்துல ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுல நிக்கேன்..."

"வியாழக்கிழமை பையில ஒரு கல்லைப் போட்டுக்கிட்டு வந்து சேரு" என்றாள் லில்லி, வெங்காயத்தை எடுத்துக்கொண்டே.