மேளத்தைத் துரத்திய பிக்கப்

முத்தலை நாட்டு மகாராஜா கெம்பீரவர்மருக்கு யானை பிடிக்காது, குதிரை பிடிக்காது. டீசல் பிக்கப் என்றால் உயிர். தங்க நிறத்தில் ஒன்று வாங்கி, பட்டத்து யானையின் நெற்றிப்பட்டத்தைக் கழற்றி அதன் பானெட்டில் கட்டிவிட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் பரம்பரை வழக்கம் என்று வந்துவிட்டால் இம்மி பிசக மாட்டார். ராஜா எங்கே புறப்பட்டாலும் அவருக்கு முன்னால் நாயனமும் தவிலும் போக வேண்டும். இதுதான் வழக்கம். மேளக்காரர்கள் ஆறு பேர் ஆடி அசைந்து நடப்பார்கள். முச்சந்திக்கு முச்சந்தி நின்று ஒரு ராகத்தை முடிப்பார்கள். இருநூறு குதிரை சக்தி உள்ள வண்டி அவர்கள் பின்னால் ஊர்ந்து வரும்.

ஒரு வருஷம் இப்படி ஊர்ந்தால் எந்த வண்டிதான் தாங்கும்? டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அரண்மனை மேட்டை ஏறவே வண்டி முக்கியது. மறுநாளோ கருங்குன்று ராஜா வீட்டுக் கல்யாணம். மலை மேல் கோட்டை. பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு.

"பாதி மலையில் நின்றுபோய், மாடு கட்டி இழுத்தால் எனக்கு மீசை எதற்கு?" என்று சபையில் கர்ஜித்தார் மகாராஜா.

மந்திரி சூலபாணி இதற்காகத்தான் காத்திருந்தார். வண்டிக் கொட்டகைத் தலைவி செண்பகத்தைத் துரத்திவிட்டுத் தன் மச்சானை அங்கே உட்கார வைக்க வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. கையோடு ஒரு டியூனிங் நிபுணரையும் கூட்டி வந்திருந்தார்.

நிபுணர் லேப்டாப்பைத் தட்டினார். "இன்ஜின் கம்ப்யூட்டரில் புது புரோகிராம் ஏற்றுவேன். புகை வடிகட்டியைக் கழற்றி எறிவேன். இருநூறு குதிரை நானூறு குதிரை ஆகிவிடும்!"

"புகை வருமா?" என்று கேட்டார் விகடகவி ஏகாம்பரம்.

"கொஞ்சம் கறுப்பாக வரும். பின்னால் வருகிறவர்களுக்கு வழி தெரியாது. அவ்வளவுதான்."

"பின்னால் வருவது மகாராணியின் வண்டி."

மகாராணி நிமிர்ந்து பார்த்தார். நிபுணர் குனிந்துகொண்டார். ஆனால் மகாராஜா காதில் நானூறு குதிரைதான் விழுந்தது. "இன்றைக்கே இவர் கை வைக்கட்டும். வண்டியைக் கெடுத்த செண்பகம் நாட்டை விட்டுப் போகட்டும்!"

ஏகாம்பரம் கொட்டகைக்கு ஓடினார். செண்பகம் ஸ்பானர்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்னம்மா கோளாறு?"

"ஒரு கோளாறும் இல்லண்ணே. ஊர்ந்து ஊர்ந்தே போனதால வடிகட்டில கரி அடைச்சிருக்கு. அதான் கம்ப்யூட்டர் சக்தியைக் குறைச்சு வச்சிருக்கு. அரை மணி நேரம் விடாம எண்பதுல ஓட்டினா சூடேறி, கரி தானா எரிஞ்சுடும். கம்பெனி அனுப்பின அப்டேட்டையும் ஏத்திப் பாத்துட்டேன். அதுக்கு நம்ம மேளத்தைப் பத்தித் தெரியுமா?"

"மகாராஜாவிடம் சொன்னாயா?"

"மூணு தடவை சொன்னேன். மேளம் இல்லாம போனா நான் ராஜாவா, பால் வண்டிக்காரனான்னு கத்திட்டாரு."

ஏகாம்பரம் நேரே மகாராஜாவிடம் போனார். "நாளை மலையடிவாரம் வரை வண்டி என் பொறுப்பு. நிபுணர் கை வைக்க வேண்டாம். ஒரே ஒரு அப்டேட் போடுகிறேன். அதற்குப் பிறகும் மலை ஏறாவிட்டால், செண்பகத்தோடு நானும் நாட்டை விட்டுப் போகிறேன்."

"வழக்கம் கெடக்கூடாது!"

"மேளம் முன்னால்தான் போகும், மகாராஜா."

சூலபாணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அல்லவா!

காலையில் மகாராஜா ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். பக்கத்தில் ஏகாம்பரம். பின்னால் திறந்த தொட்டியில் சூலபாணியும் நிபுணரும். வாசலில் ஒரு தவிலையும் காணோம்.

"மேளம் எங்கே?"

"முன்னால் போகிறது, மகாராஜா."

"கண்ணுக்குத் தெரியவில்லையே!"

"பஸ் கூரையில் ஏற்றி அனுப்பினேன். இந்நேரம் ஏரிக்கரை தாண்டியிருக்கும்."

மகாராஜா மீசை துடித்தது. "அடப்பாவி! மேளத்தை விட்டுவிட்டு ராஜா நிற்பதா?" மிதித்தார் ஆக்சிலரேட்டரை.

வண்டி முனகியது. நாற்பது. அறுபது. ஏரிக்கரைக்கு வந்தால் நாயனம் புளியந்தோப்பில் கேட்டது. தோப்புக்கு வந்தால் பாலத்தில் கேட்டது. பஸ் டிரைவருக்கு ஏகாம்பரத்தின் உத்தரவு அப்படி. சத்தம் கேட்க வேண்டும், பஸ் பிடிபடக் கூடாது. மகாராஜாவுக்கு வெறி ஏறிவிட்டது. எண்பது! மந்திரியின் தலைப்பாகை அவிழ்ந்து நாலு முழத்துக்குப் பறந்தது. நிபுணர் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டார். "விடாதே, பிடி!" என்று மகாராஜா சின்னப் பிள்ளை மாதிரி கூவினார். பிறந்ததிலிருந்து அவர் இந்த வேகத்தில் போனதே இல்லை!

நாற்பது கிலோமீட்டர் தாண்டி, மலையடிவாரத்தில் மஞ்சள் விளக்கு பொசுக்கென்று அணைந்தது. வண்டி ஒரு உறுமல் உறுமியது. பதினெட்டு வளைவையும் பந்தல் வாசலில் நுழைவது மாதிரி சுலபமாகக் கடந்துவிட்டது. கோட்டைக்குள் மேளம் முழங்க, அதன் பின்னால் ஜம்மென்று போய் நின்றார் மகாராஜா.

சூலபாணி தொட்டியிலிருந்து உருண்டு இறங்கினார். "மகாராஜா! வழக்கத்தைக் கெடுத்துவிட்டான் ஏகாம்பரம்!"

"எந்த வழக்கம்?" என்றார் ஏகாம்பரம். "மேளம் ராஜாவுக்கு முன்னால் போக வேண்டும். போனது. எத்தனை அடி முன்னால் என்று எந்த ஓலையில் எழுதியிருக்கிறது?"

மந்திரி அவிழ்ந்த தலைப்பாகையைச் சுற்ற ஆரம்பித்தார். நிபுணர்தான் விடவில்லை. "அது இருக்கட்டும். வண்டியின் கம்ப்யூட்டரை நீர் தொடவே இல்லையே. அப்டேட் எப்போது போட்டீர்?"

"வண்டிக்குப் போட்டேன் என்று யார் சொன்னது? அது சரியாகத்தானே இருந்தது. நான் அப்டேட் போட்டது மேளக்காரர்களுக்கு!"

மகாராஜா சிரித்த சிரிப்பில் கல்யாண வீட்டாரே திரும்பிப் பார்த்தார்கள். செண்பகம் ஆயுளுக்கும் கொட்டகைத் தலைவி என்று அங்கேயே அறிவித்தார். ஏகாம்பரத்துக்குக் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் போட்டார். சூலபாணிக்கும் ஒரு பதவி கிடைத்தது. திரும்பும்போது பஸ் கூரையில் உட்கார்ந்து தாளம் போடும் பதவி.

பிறகு மகாராஜா பஸ் டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டார். "திரும்பிப் போகும்போது தொண்ணூறு, என்ன?"