தாழையேரிக்குச் சான்று இல்லை

புறவழிச் சாலைக்குத் தெற்கே ஒரு ஏரி இருந்தது. பெயர் தாழையேரி. இருந்தது என்று நான் சொல்வது கதை சொல்லும் வழக்கத்துக்காக. அது இருக்கிறதா இல்லையா என்பதுதான் கதையே. அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஏரிக்கு அடியில் ஒரு செல்போன் கிடந்தது. கரையில் நின்று செல்ஃபி எடுத்த ஒரு புது மாப்பிள்ளை நழுவவிட்டது. தண்ணீருக்குள் கிடக்கும் போனுக்கு சிக்னல் எப்படிக் கிடைக்கும் என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். ஏரி பேசும் என்பதை ஒப்புக்கொண்டவர்களுக்கு சிக்னல் ஒரு பெரிய விஷயமே இல்லை.

ஒருநாள் காலை கரைமேல் ஒரு புல்டோசர் வந்து நின்றது. அதன் பின்னாலேயே வெள்ளையடித்த மனைக்கற்கள் லாரியில் வந்து இறங்கின. மீன்கொத்திகள் ஒதுங்கிக்கொண்டன.

"எங்கப்பா இந்தப் பக்கம்?" என்று கேட்டது ஏரி.

"உங்களைத் தூர்க்கத்தான் அக்கா," என்றது புல்டோசர். முரட்டு உருவமே தவிர பேச்சில் மரியாதை உண்டு. "தப்பா நினைக்காதீங்க. வத்திப்போன ஏரி, மனை போடலாம்னு எங்க முதலாளி வாங்கியிருக்கார்."

"யாரு வத்திப்போனது? உன் முன்னாடி குத்துக்கல்லாட்டம் கிடக்கேனே, கண்ணு தெரியலையா?"

"கண்ணுல படறதையெல்லாம் நம்பினா தொழில் பண்ண முடியாதுக்கா. களஞ்சியத்துல போட்டிருக்கு."

இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் உண்டு. சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் எழுதுவது. யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். உலகத்தில் உள்ளதெல்லாம் அதில் இருக்கிறது, அதில் இல்லாதது உலகத்திலும் இல்லை என்று நினைக்கிற கட்சி ஒன்று இருக்கிறது. புல்டோசர் அந்தக் கட்சி.

செல்போன் தேடிப் பார்த்துப் படித்துக் காட்டியது. "தாழையேரி என்பது ஓர் ஏரி. இது நிரந்தரமாக வற்றிவிட்டது. அவ்வளவுதான்க்கா எழுதியிருக்கு."

ஏரி அடிவரைக்கும் கலங்கிப்போயிற்று. அடியில் கிடந்த அயிரையும் கெண்டையும் மேலே வந்து, என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போயின.

"அதை மாத்திட்டா நீ திரும்பிப் போயிடுவியா?" என்று புல்டோசரிடம் கேட்டது.

"சத்தியமா. தண்ணி இருக்குன்னு அதுல போடட்டும், அடுத்த நிமிஷம் வண்டியைத் திருப்பிடறேன். மனை வாங்க வர்றவங்களும் அதைத்தான் பார்க்கறாங்க. சாயங்காலம் வரைக்கும் டைம் எடுத்துக்கங்க. எனக்கும் டீசல் வரணும்."

இப்படித்தான் தாழையேரி தன்னார்வலர் ஆனது. நாட்டுக்குத் தொண்டு செய்கிற ஆசையில் சேர்கிறவர்கள் உண்டு, பொழுது போகாமல் சேர்கிறவர்கள் உண்டு. ஏரி உயிருக்குப் பயந்து சேர்ந்தது.

களஞ்சியத்தின் வாசலில் வரவேற்பு நின்றுகொண்டிருந்தது. கும்பிட்ட கையைப் பிரிக்கவே பிரிக்காது.

"வணக்கம், புதுப் பயனரே. உங்கள் வரவால் பெருமகிழ்ச்சி. தயங்காதீர்கள், துணிவோடு தொகுங்கள். தவறு செய்தால் இங்கே யாரும் கோபிக்க மாட்டார்கள்."

"ஐயா, இது என் உயிர் போற விஷயம். யாரைப் பார்க்கணும்னு கொஞ்சம் சொன்னீங்கன்னா..."

"வணக்கம், புதுப் பயனரே. உங்கள் வரவால் பெருமகிழ்ச்சி. எழுதிப் பழக அந்தப் பக்கம் மணல்தொட்டி இருக்கிறது."

"தண்ணிய மணல்ல கொட்டினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா?" என்று முணுமுணுத்தது ஏரி.

"அது எல்லார்கிட்டயும் அதையேதான் சொல்லும். விடுங்கக்கா, நேரா நம்ம கட்டுரைக்குப் போவோம்," என்றது செல்போன்.

ஏரி துணிந்து தொகுத்தது. பழைய வரியை அடித்துவிட்டு, "நான் சாகலை, பாவிகளா. கழுத்தளவு தண்ணி கிடக்கு. வந்து பாருங்க," என்று எழுதிச் சேமித்தது. மனசு குளிர்ந்துபோயிற்று. அந்தக் குளிர்ச்சியில் எழுந்த சிற்றலை கரையைத் தொடுவதற்குள் எழுதினது காணாமல் போய், பழைய வரி பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் மீளமை நின்றது.

மீளமை என்பது அங்கே காவலுக்கு இருக்கும் பொத்தான். தப்பாக எழுதினதைத் துடைத்துப் பழையபடி ஆக்குவது அதன் வேலை. நல்ல பிள்ளைதான். ஊர்ப் பசங்கள் வந்து கெட்ட வார்த்தை எழுதிவிட்டுப் போவதைத் துடைத்துத் துடைத்து, எதைப் பார்த்தாலும் துடைக்கத் தோன்றுகிற அளவுக்கு ஆகிவிட்டிருந்தது.

"கலைக்களஞ்சிய நடை இல்லைம்மா," என்றது மீளமை.

ஏரி நடையைத் திருத்தியது. "இந்த ஏரியில் தண்ணீர் உள்ளது," என்று அடக்கமாக எழுதியது. அதையும் மீளமை துடைத்தது.

"சான்று இல்லை."

"சான்று எதுக்குப்பா? நான்தான் அந்த ஏரி."

மீளமை இரண்டடி பின்னால் போயிற்று. "அப்படின்னா நீங்க எழுதவே கூடாதேம்மா. தன்னைப் பத்தித் தானே எழுதறது இங்க பெரிய குத்தம்."

"என் வயித்துல தண்ணி இருக்கறது என்னைவிட வேற யாருக்குத் தெரியும்?"

"அது உங்க சொந்த ஆய்வு. சொந்த ஆய்வு இங்க செல்லாது."

செல்போன் அண்ணாந்து கிடந்தபடியே ஒரு படம் எடுத்து நீட்டியது. பச்சைத் தண்ணீர், நடுவில் ஒரு கெண்டை மீன். மீளமை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"இது எந்த ஏரித் தண்ணின்னு யாருக்குத் தெரியும்? மீன் எந்த ஊர்னு சொல்லுதா?"

மீன் சொல்லத் தயாராகத்தான் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

ஏரிக்குக் கோபம் வந்துவிட்டது. "சரி, நான் வத்திட்டேன்னு போட்டிருக்கியே, அதுக்கு என்ன சான்று வச்சிருக்கே?"

மீளமை பெருமையாக அந்த வரியின் ஓரத்தைக் காட்டியது. வரி முடிகிற இடத்தில் ஒரு பொடி எண் ஒட்டிக்கொண்டிருந்தது. "நாளிதழ்ல வந்திருக்கும்மா. அச்சுல வந்தது," என்றது.

அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஏரி பக்கத்தின் அடிக்கு இறங்கியது. அங்கே பொடி எழுத்தில் ஒரு செய்தித் துணுக்கு குடியிருந்தது. நாளிதழிலிருந்து வெட்டி எடுத்தது. வெளியாள் வந்து பார்த்துப் பழக்கம் இல்லாததால் அதற்கு ஒரே கூச்சம்.

"தம்பி, நான் வத்திட்டேன்னு எழுதியிருக்கியாமே. நீ எப்ப வந்து என்னைப் பார்த்தே?"

துணுக்கு நெளிந்தது. "உண்மையைச் சொல்லிடறேன் பெரியம்மா. நான் வரலை. எங்க நிருபருக்கு அன்னிக்குப் பக்கம் முடிக்கிற அவசரம். 'மறைந்துபோன ஏரிகள்'னு ஒரு கட்டம், அதுல ஒரு மூலை காலியா இருந்தது. களஞ்சியத்தைப் பார்த்து எழுதிட்டார்."

"எந்தக் களஞ்சியம்?"

"இதேதான்."

"இதுல முதல்ல யார் எழுதினது?"

"யாரோ ஒருத்தர், ஒரு கோடையில, பேர் சொல்லாம எழுதிட்டுப் போனார். 'சான்று தேவை'ன்னு பக்கத்துல ஒரு சீட்டு ஒட்டி வச்சிருந்தாங்க. நான் அச்சாகி வந்ததும் சீட்டைக் கிழிச்சுட்டு என்னை ஒட்டிட்டாங்க."

ஏரிக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது. இவனைக் கேட்டால் அவனைக் காட்டுகிறான், அவனைக் கேட்டால் இவனைக் காட்டுகிறான். நடுவில் ஒருத்தி தளும்பிக்கொண்டு நிற்கிறாள், அவளை ஒருத்தரும் வந்து பார்க்கவில்லை. சொல்லும்போது எனக்கே வயிறு எரிகிறது.

துணுக்கைக் கையோடு கூட்டிக்கொண்டு ஏரி மேலே வந்தது. துணுக்கு எல்லாவற்றையும் மறுபடி ஒப்பித்தது. மீளமை தலையைச் சொறிந்தது.

"நீங்க சொல்றது நியாயமாத்தான்மா இருக்கு. ஆனா நானா எதையும் முடிவு பண்ணக் கூடாது. உரையாடல் பக்கத்துல போய்ச் சொல்லுங்க."

ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்கட்டில் ஓர் உரையாடல் பக்கம் உண்டு. எழுதுகிறவர்கள் சண்டை போட்டுக்கொள்வதற்காக ஒதுக்கிய இடம். தாழையேரியின் உரையாடல் பக்கத்தில் வெகுகாலமாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. கட்டுரையில் படம் இடப்பக்கம் வரணுமா, வலப்பக்கம் வரணுமா என்று. கட்டுரையில் படமே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

ஏரி தன் கதையைச் சொன்னது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் புல்டோசர் டீசல் குடிக்கிற சத்தம் கேட்டது. சீக்கிரம் ஒரு முடிவு சொல்லுங்கள் என்று ஏரி கெஞ்சியது.

"அச்சுல வந்ததை எப்படிங்க பொய்னு சொல்றது?" என்றது ஒரு குரல்.

"அழறாங்க, பாவம். ஆனா உணர்ச்சிக்கு இங்க இடம் கிடையாது," என்றது இன்னொரு குரல்.

கடைசியில் நடுநிலை எழுந்தது. அங்கே அதற்குத்தான் மதிப்பு அதிகம். யார் மனமும் நோகாமல் பேசும், யார் பக்கமும் சாயாமல் உட்காரும், எந்த ஏரியையும் நேரில் போய்ப் பார்த்தது கிடையாது.

"எதற்கு வீண் சண்டை? இரு தரப்புக்கும் இடம் கொடுப்போம்," என்று சொல்லிவிட்டு அழகான கையெழுத்தில் எழுதியது. "இந்த ஏரி வற்றிவிட்டது என்றும் வற்றவில்லை என்றும் இரு கருத்துகள் நிலவுகின்றன."

எல்லாரும் கைதட்டினார்கள். நல்ல தொகுப்புக்கு என்று ஒரு பதக்கத்தைக் கொண்டுவந்து மீளமை ஏரியின் கழுத்தில் மாட்டியது.

"வந்த அன்னிக்கே பாதி ஜெயிச்சுட்டீங்கம்மா. எத்தனையோ பேர் ஒரு வரியைக் கூட மாத்த முடியாம அழுதுட்டுப் போயிருக்காங்க."

ஏரி பதக்கத்தோடு கரைக்கு ஓடிவந்தது. புல்டோசர் புது வரியை எழுத்துக் கூட்டி நிதானமாகப் படித்தது.

"ரெண்டு கருத்து இருக்குன்னு போட்டிருக்கு."

"ஆமாப்பா. ராசா, வண்டியைத் திருப்பு."

"அதெப்படிக்கா? ரெண்டு கருத்துக்கும் மரியாதை குடுக்கணும்ல."

புல்டோசர் வடபாதியைத் தூர்த்துத் தட்டிச் சமமாக்கியது. தென்பாதியில் ஒரு கூடை மண்கூடப் போடவில்லை. கும்பிட்டுவிட்டுப் போயிற்று. சொன்ன சொல் தவறாத வண்டி.

தூர்த்த இடத்தில் வீடுகள் வந்தன. 'லேக் வியூ அவென்யூ' என்று வளைவு வைத்தார்கள். ஏரி தன் பாதி உடம்பின்மேல் அடுப்பெரிவதைப் பார்த்துக்கொண்டு ஒடுங்கிக் கிடந்தது. மீதியாவது மிஞ்சியதே என்று செல்போன் ஆறுதல் சொல்லும். ஏரிக்கு அந்த ஆறுதல் பிடிக்கவில்லை, ஆனாலும் வேறு வழியில்லாமல் கேட்டுக்கொண்டது.

ஐப்பசி பிறந்தது. மழை கொட்டியது. வரத்துக் கால்வாய் களஞ்சியம் படிப்பதில்லை. வருஷா வருஷம் கொண்டுவரும் தண்ணீரை முழுசாகக் கொண்டுவந்து கொட்டியது.

"நிறுத்தம்மா, நான் பாதிதான் இருக்கேன்," என்று ஏரி கெஞ்சியது.

"உன் இடத்துலதானே விடறேன்? வேற எங்க போய் விடச் சொல்றே?" என்றது கால்வாய்.

தண்ணீர் தன் பழைய இடத்துக்கு வழி மறக்கவில்லை. கூடத்துக்குள் போயிற்று, சமையலறைக்குள் போயிற்று, கட்டிலடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சனங்கள் மொட்டைமாடியில் குழந்தைகளோடு நின்று கூப்பாடு போட்டார்கள். அதைக் கேட்கக் கேட்க ஏரிக்குத் துக்கம் தாங்கவில்லை. மனை வாங்கியவர்கள் பாவம் என்ன செய்வார்கள், அவர்களும் படித்ததைத்தானே நம்பினார்கள். இந்தத் தடவை நிருபர்கள் நேரிலேயே வந்தார்கள். படகில் வந்தார்கள்.

மழை விட்டதும் மீளமை மூச்சிரைக்க ஓடிவந்தது. "அம்மா, உங்களுக்குச் சான்று கிடைச்சிடுச்சு. எல்லா நாளிதழ்லயும் வந்திருக்கீங்க. படத்தோட."

"வத்திட்டேன்னு போட்டிருந்ததை எடுத்துட்டீங்களா?"

"வேரோட எடுத்தாச்சு. ரெண்டு கருத்தையும் எடுத்தாச்சு."

ஏரி வெகுநாளைக்குப் பிறகு சந்தோஷப்பட்டது. "கண்ணு, என்ன போட்டிருக்காங்கன்னு படி," என்று செல்போனைக் கேட்டது.

செல்போன் படித்தது. படிக்கப் படிக்க அதன் குரல் இறங்கியது.

"தாழையேரி என்பது லேக் வியூ அவென்யூ குடியிருப்பை ஆக்கிரமித்துள்ள ஓர் ஏரி. இது பொதுமக்களின் உயிருக்கு ஆபத்தானது."

வரி முடிகிற இடத்தில் பொடி எண்கள் எறும்புபோல் சாரி சாரியாக ஒட்டிக்கொண்டிருந்தன.

"பொய்ப்பா இது," என்றது ஏரி. "என் இடத்துல அவங்க வந்தாங்க. நான் எங்கேயும் போகலை."

"அதுக்குச் சான்று இருக்காம்மா?" என்று கேட்டது மீளமை. பாவம், நிஜமான இரக்கத்தோடுதான் கேட்டது.

கரைமேல் பழகின சத்தம் கேட்டது. புல்டோசர் தென்பாதிக்கு நேரே வந்து நின்று, விளக்கைத் தாழ்த்திக்கொண்டது.

"மன்னிச்சுக்கங்க அக்கா," என்றது. "இந்தத் தடவை ஒரே கருத்துதான் போட்டிருக்கு."