ஆமென் மட்டும் சொல்லும்

கிருபாபுரத்தில் மாசிலாமணி உபதேசியாரைத் தெரியாதவர்கள் கிடையாது. சபைக் குருவான ஐயருக்குத் துணையாக வீடு வீடாகப் போய் ஜெபிப்பது, நோயாளிகளை விசாரிப்பது, ஐயர் வெளியூர் போனால் கோயிலில் பிரசங்கம் செய்வது, இதெல்லாம் அவர் வேலை. ஊருக்கு வந்தபோது கறுகறுவென்றிருந்த மீசை இப்போது வெளுத்துவிட்டது. அத்தனை காலமும் அதே ஊர், அதே வேலை.

அவருடைய ஜெபம் நீளமானது. உலகம் உண்டானதில் தொடங்குவார். இஸ்ரவேலரைக் கடல் வழியாக நடத்திக் கூட்டிப் போவார். கடைசியில் அந்த வீட்டு ஆட்டுக்குட்டி வரைக்கும் வந்துதான் நிறுத்துவார். ஜனங்களும் பொறுமையாகக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்கள். வேறு மாதிரி ஜெபத்தை அவர்கள் கேட்டதில்லை.

பிறகு தவசிமுத்து வந்தார். பெரிய சபை, ஒருவரால் முடியாது என்று அனுப்பப்பட்ட இன்னொரு உபதேசியார். இளம் வயது. உட்கார்ந்து பேச்சுக் கேட்பார். போகும்போது நாலு வார்த்தை ஜெபிப்பார். அவ்வளவுதான்.

கொஞ்ச நாளில் தெருக்குழாயில் ஒரு பேச்சு எழுந்தது. எழுப்பியவள் செல்லக்கனி.

"மாசிலாமணி உபதேசியார் ஜெபிக்க உட்கார்ந்தா நான் உலையை வச்சிட்டுத்தான் கண்ணை மூடுவேன். அவரு ஆமென் சொல்லவும் சோறு பொங்கவும் சரியா இருக்கும்."

குடங்களோடு நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சுவருக்கு அந்தப்புறம் போய்க்கொண்டிருந்த மாசிலாமணி நின்றார். சிரிப்பு அடங்கியதும் இன்னொரு குரல் கேட்டது.

"எங்க வீட்டுக்கு அந்தச் சின்ன உபதேசியாரையே வரச்சொல்லணும்க்கா. அவரு ஜெபிச்சா மனசு லேசாயிருது."

முதலில் சொன்னதை மாசிலாமணி மறந்துவிட்டார். இரண்டாவதைத்தான் மறக்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஜெபிக்கும் முறை அவருடையது. கண்ணை மூடினார். குரலை உயர்த்தினார்.

"ஆண்டவரே! நேற்று முளைத்த செடிகள் தாங்களே நிழல் தருவதாக எண்ணிக்கொள்கின்றன. அவைகளுக்கு நீர் மனத்தாழ்மையைக் கட்டளையிடும். நாலு வார்த்தையில் ஜனங்களை மயக்குகிறவர்களுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடும்!"

கோயிலில் ஒரு சத்தமும் இல்லை. அந்தச் செடி யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. செல்லக்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் கணீரென்று எழுந்தது.

"ஆமென்!"

தவசிமுத்துதான். குத்து தனக்கு என்று அவருக்கு விளங்கவே இல்லை. விளங்கியிருந்தால்கூட மாசிலாமணிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆராதனை முடிந்ததும் ஞானாபரணம் ஐயர் மாசிலாமணியைக் கூப்பிட்டார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் மாசிலாமணி அவர் முன்னால் உட்காரமாட்டார். வேதத்தைப் படிக்கவும் விளக்கவும் அவரிடம் கற்றவர்.

"இன்னைக்கு யார்கிட்டவே ஜெபிச்சீர்?"

"ஆண்டவர்கிட்டதான் ஐயா."

"அப்ப ஆண்டவர் இன்னைக்கு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாரு போல. நீர் அரைக்கண்ணைத் திறந்து அங்கயே பார்த்தீரே."

மாசிலாமணிக்கு முகம் சிவந்தது. "ஐயாவும் கண்ணைத் திறந்திருந்தீங்களோ?"

"மேய்ப்பனுக்கு ஒரு கண்ணு திறந்துதாம்வே இருக்கணும்."

 மாசிலாமணி மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டார்.

"ஐயா, உண்மையுள்ள ஊழியக்காரன்னா யாரு? வெயில்லயும் மழையிலயும் இந்தச் சபைக்காக நடந்து கால் தேஞ்சவனா? இல்லை, நேத்து வந்து நாலு வார்த்தை சொல்லிப் பேர் வாங்குதவனா?"

ஐயர் அங்கியைக் கழற்றி மடித்தார். அதைப் பெட்டியில் வைத்து மூடினார்.

"நாளையிலிருந்து ஒரு வாரம் தவசிமுத்துகூடப் போம். எல்லா வீட்டுலயும் அவரு ஜெபிக்கட்டும். நீர் ஆமென் மட்டும் சொல்லும்."

"நானா? அவருக்கா?"

"அவருக்கு எதுக்குவே? ஜெபத்துக்குச் சொல்லும்."

"வேற ஒன்னும் சொல்லக்கூடாதா?"

"உம்மால முடிஞ்சா அதுவே போதும்."

திங்கட்கிழமை காலையில் இருவரும் புறப்பட்டார்கள். தவசிமுத்து குடையை மாசிலாமணிக்குப் பிடித்துக்கொண்டு நடந்தார். அதுவும் மாசிலாமணிக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை, வெயில் அப்படி.

முதல் வீட்டில் காப்பி வந்தது. நுரை ததும்பிய டம்ளர் தவசிமுத்துவின் கைக்குப் போனது. தன் டம்ளரில் நுரை இல்லை என்பதை மாசிலாமணி பார்த்தார். அடுத்த வீட்டில் கிழவர் ஒருவர் தன் மகனைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டே இருந்தார். தவசிமுத்து ஊம் கொட்டிக்கொண்டே இருந்தார். ஒரு வசனம் சொல்லி முடிக்கவேண்டிய சங்கதி, இதற்கு எதற்கு இத்தனை நேரம் என்று மாசிலாமணிக்கு எரிச்சலாக வந்தது.

"ஆண்டவரே, இந்தத் தகப்பனையும் அந்த மகனையும் ஒரே தட்டில் சாப்பிட வையும்" என்று ஜெபித்தார் தவசிமுத்து. கிழவர் அழுதுவிட்டார்.

மாசிலாமணி ஆமென் சொன்னார். மனசில்லாமல்தான், ஆனாலும் பழக்கத்தில் குரல் ஓங்கி வந்தது.

தெருவுக்கு வந்ததும் தவசிமுத்து கேட்டார். "அண்ணாச்சி, நான் எதையும் விட்டுட்டேனா? நீங்க திருத்துங்க."

"நான் ஆமென் சொல்லத்தான் வந்திருக்கேன்."

"உங்க ஆமெனுக்குச் சுவத்துல காரை உதிருது அண்ணாச்சி. எனக்கு அப்படி வரமாட்டேங்கு."

கேலியா என்று மாசிலாமணி முகத்தைக் கூர்ந்து பார்த்தார். கேலி இல்லை. கேலியாக இருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

வாரத்தின் நடுவில் ஒரு மத்தியானம், பொன்னுத்தாய் தெருமுனைக்கே ஓடி வந்தாள். அவள் கல்யாணத்துக்கு முந்தின நாள் வீட்டில் ஜெபித்தவர் மாசிலாமணி. மகள் ரூபி பிறந்தபோது முதலில் ஆள் விட்டதும் அவருக்குத்தான். அவர் தன்னை அறியாமல் முன்னால் போனார்.

பொன்னுத்தாய் அவரைத் தாண்டிப் போய்த் தவசிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் அனலாக் கொதிக்கி. வந்து தலையில கை வைங்கய்யா. நீங்க ஜெபிச்சா எறங்கிரும்."

வீட்டுக்குள் ரூபி பாயில் கிடந்தாள். கண் செருகியிருந்தது. உதடு காய்ந்திருந்தது. தவசிமுத்து உட்காருவதற்கு முன்பே கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"அவுக ஆட்டோ பிடிக்கப் போயிருக்காவ. இன்னும் காணோம்."

"ஒரு துணியை நனைச்சுக் கொண்டாங்க. வரட்டும், அதுவரைக்கும் நெத்தியில போடுவோம்."

அவரே துணியைப் பிழிந்து போட்டார். பிறகு தலையில் கை வைத்தார். "ஆண்டவரே, ரூபி உம்முடைய பிள்ளை. இந்த அனலைத் தணியும். ஆட்டோ சீக்கிரம் வரட்டும்."

வாசற்படியில் நின்றபடி மாசிலாமணி ஆமென் சொன்னார்.

பொன்னுத்தாய் பதறிக்கொண்டு அவரையும் கூப்பிட்டாள். "நீங்களும் தொட்டுப் பாருங்கய்யா. கொறைஞ்சிருக்கா?"

மாசிலாமணி குனிந்து பிள்ளையின் கழுத்தில் புறங்கையை வைத்தார். கொஞ்சமும் குறையவில்லை. அடுப்புக்கல் மாதிரி சுட்டது.

அப்போது அவர் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்தது. ஒரு சின்ன நிம்மதி. 'இவர் ஜெபத்துக்கும் இறங்கவில்லையே.'

அவ்வளவுதான். கண் இமைக்கிற நேரம். ஆனால் அது என்ன என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பொன்னுத்தாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், பதிலுக்காக.

மாசிலாமணி அவளைத் தாண்டி வெளியே வந்தார். செருப்பைப் போடவில்லை. தவசிமுத்து "அண்ணாச்சி!" என்று கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை. நடந்தவர் ஓட ஆரம்பித்தார். சுடு மணலில், வெறுங்காலோடு, ஐயர் வீடு வரைக்கும் ஓடினார்.

ஐயர் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தார். மாசிலாமணி அவர் காலடியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

"நான் ஊழியக்காரன் இல்லை ஐயா. மனுசனே இல்லை."

"என்னவே ஆச்சு?"

எல்லாவற்றையும் சொன்னார். குழாயடிப் பேச்சிலிருந்து தொடங்கினார். காப்பி நுரையையும் விடவில்லை. பிள்ளையின் கழுத்தில் கை வைத்தபோது உள்ளே குளிர்ந்ததைச் சொல்லும்போது குரல் உடைந்தது.

"காய்ச்சல் இறங்கக்கூடாதுன்னு நெனைச்சிருக்கேன் ஐயா. வாய் ஆமென் சொல்லுது, மனசு வேண்டாம்னு சொல்லுது. ஒரு பச்சப்பிள்ளை விஷயத்துல. இத்தனை வருசம் என்ன ஜெபிச்சேன்? யாருக்கு ஜெபிச்சேன்? எனக்குள்ள இப்படி ஒரு அழுக்கு இருக்குன்னு எனக்கே தெரியாமப் போச்சே."

ஐயர் துண்டை எடுத்து ஈரக்கையைத் துடைத்தார்.

"இவ்வளவு கேவலமானவனை ஆண்டவர் எப்படிப் பொறுத்துக்கிட்டிருந்தாரு? நான் இனி கோயில் படி ஏறலாமா? என்னை ஊழியத்தை விட்டு நீக்கிருங்க ஐயா. சபைக்கு முன்னால நிறுத்துங்க. என்ன வேணும்னாலும் செய்யுங்க. நான் எதுக்கும் சம்மதம்."

 அழுகை ஓய்ந்ததும் ஐயர் கேட்டார்.

"பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?"

மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தார். "ஐயா?"

"ரூபிக்கு. ஆட்டோ வந்துச்சா?"

"தெரியலை ஐயா. நான் அப்படியே ஓடி வந்துட்டேன்."

"பொன்னுத்தாய்க்கு என்ன சொல்லிட்டு வந்தீர்?"

"ஒன்னும் சொல்லலை ஐயா." 

ஐயர் உள்ளே போனார். சுவரில் சாய்த்து வைத்திருந்த தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து மாசிலாமணியின் முன்னால் நிறுத்தினார்.

"உம்ம பாவத்தைப் பத்திச் சாயங்காலம் பேசிக்கிடலாம்வே. அது எங்கயும் போயிராது. பிள்ளை அங்க கிடக்கு, போம்."