மை தடவாத மறை

முன்பொரு காலத்தில் கொன்றைநாட்டை அதிசூரன் என்றொரு அரசன் ஆண்டான். காலையில் ஒருவனுக்கு மாலை போடுவான். மதியம் சோறு பிடிக்கவில்லை என்றால் அவனையே சிறையில் போடுவான். இப்படிப்பட்டவனுக்கு அமைச்சராக இருந்து இருந்து நக்கண்ணனுக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. மீதியை நரைக்க வைத்தவர் அரசவைப் பண்டிதர் வாகீசர்.

நக்கண்ணனுக்குத் தெய்வ நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அரண்மனைப் பூசையறையிலிருந்த திருமறைச் சுவடியைத் தினம் ஓர் ஏடாகப் படித்துவந்தான். படிப்பது லேசில்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறியபின் விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவினால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். இந்தச் சுவடியையோ எழுதி முடித்த கையோடு பூசையில் வைத்துவிட்டார்கள். ஐந்து தலைமுறையாகப் பூ விழுந்ததே தவிர மை விழவில்லை. நக்கண்ணன்தான் ஒவ்வோர் ஏடாக மை தடவிப் படித்தான்.

பதின்மூன்றாம் ஏட்டில் மாட்டிக்கொண்டான்.

"அரசே! நாத்திகன் திருமறையில் கரி பூசிவிட்டான்!" என்று சபையே அதிரக் கத்தினார் வாகீசர். "நம்பாதவன் தொட்டால் அந்தக் கையை வெட்டு என்று நாற்பதாம் ஏட்டிலேயே இருக்கிறது!"

"அப்படியா? வெட்டுங்கள்!" என்றான் அரசன். சாப்பாட்டு வேளை நெருங்கியிருந்தது.

நக்கண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருஷம் ஓலை எழுதிய கை! "அரசே, வெட்டுவதுதான் வெட்டுகிறீர்கள், அந்த ஏட்டை ஒருமுறை பார்த்துவிட்டு வெட்டக்கூடாதா?"

"பார்த்தால் போயிற்று. பண்டிதரே, வாசியும்."

வாகீசர் நாற்பதாம் ஏட்டை உருவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விரலை ஓட்டி ஓட்டி, "நம்பாதான் கரம் துணிக்க..." என்று ராகம் போட்டார். சபை உருகியது.

"அசையாமல் அப்படியே பிடித்திரும்" என்று நக்கண்ணன் போய் மையைத் தடவித் துணியால் துடைத்தான். எழுத்துகள் பளிச்சென்று எழுந்தன.

அரசன் எட்டிப் பார்த்தான். "என்ன பண்டிதரே, எழுத்தெல்லாம் தலைகீழாக நிற்கிறதே?"

"அது... மேலுலகத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு நேராகத் தெரியும், அரசே."

"நாம் கீழுலகத்தில்தானே இருக்கிறோம்? நக்கண்ணா, திருப்பிப் படி."

நக்கண்ணன் படித்தான்: "கோயில் பசுவுக்குக் கழிச்சல் கண்டால், மாதுளம்பழத்தை வெட்டி, தோலை மோரில் அரைத்துப் புகட்டுக." ஏட்டைக் கீழே வைத்தான். "அரசே, இதில் வெட்டச் சொல்லியிருப்பது மாதுளம்பழத்தை மட்டும்தான்."

அரசன் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. "இத்தனை படித்தாயே, இப்போதாவது நம்பிக்கை வந்ததா?"

"இல்லை, அரசே."

"பிறகு எதற்கையா படித்தாய்?"

நக்கண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். "இதைக்கூடவா சொல்ல வேண்டும், அரசே! பகைவன் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடு என்கிறது பன்னிரண்டாம் ஏடு. படித்துக் கண் கலங்கினேன். கிரகணத்தில் பிறந்த பிள்ளை குலத்துக்கு ஆகாது என்கிறது பதின்மூன்றாம் ஏடு. அதோடு எனக்குச் சண்டை. படிக்காமலே நம்புகிறவர்கள் நாடு முழுக்க இருக்கிறீர்கள். படிக்காமலே திட்டுகிற என் கூட்டாளிகளும் இருக்கிறார்கள். நடுவில் ஒருவனாவது படித்துப் பார்க்க வேண்டாமா?"

அரசன் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டான். "கையை வெட்ட வேண்டாம். நக்கண்ணா, சுவடி இனி உன் பொறுப்பு. பண்டிதரே, மீதி ஏடுகளுக்கெல்லாம் நீரே மை தடவும். ஒவ்வொன்றையும் படித்துப் பொருள் சொன்ன பிறகுதான் உமக்குச் சபையில் இருக்கை."

வாகீசர் முணுமுணுத்துக்கொண்டே மை தடவ உட்கார்ந்தார். ஒரு மாதம் போயிற்று. ஒருநாள் காலை நக்கண்ணன் வீட்டுக் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். திறந்தால் வாகீசர், மூச்சு வாங்க நிற்கிறார்.

"அமைச்சரே, ஐம்பத்தேழாம் ஏட்டைப் பார்த்தீரா? அநியாயம்! இதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது!"

நக்கண்ணன் பெருமூச்சு விட்டான். "அப்பாடா! உள்ளே வாரும் ஐயா. இன்றைக்குத்தான் படிக்க ஆரம்பித்திருக்கிறீர்."